ஸ்னாட்ச் பழகுவது எப்படி? மேலிருந்து கீழாக

2022 பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் நம் இலங்கையின் திலங்க இசுரு குமார 55 கிலோ பிரிவில் வெண்கலம் எடுத்தபோது, ஸ்னாட்ச்சில், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் முறையில், தூக்கியது 105 கிலோ. தன் உடல் எடைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு! கைப்பலத்தால் மட்டும் அதைத் தூக்கவே முடியாது. பாரை மேலே அனுப்புவது கால்களும் இடுப்பும்தான். ஆனால் புதிதாக வருபவர்கள் முதல் நாளே தரையிலிருந்து கையால் இழுக்கப் பார்க்கிறார்கள். அதனால்தான் தரையைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன்.

ஆண்களுக்கான பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15. தொடக்கத்தில் அதுவும் வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் ஒரு பிவிசி பைப் வாங்குங்கள், இல்லாவிட்டால் தும்புத்தடியின் கம்பும் சரி.

படி 1: பிடி
நேராக நின்று, கைகளை நீட்டிப் பைப்பைப் பிடியுங்கள். ஒரு காலைத் தூக்கினால் இடுப்பு மடியும் இடம் தெரியும். பைப் அந்த மடிப்பில் வந்து நிற்கும்வரை கைகளை அகட்டுங்கள். பெருவிரல் பாரைச் சுற்ற, சுட்டுவிரலும் நடுவிரலும் அந்தப் பெருவிரலின் மேல் பூட்டட்டும். இதுதான் ஹூக் பிடி. முதலில் பெருவிரல் நோகும், பிறகு பழகிவிடும். கொழும்புப் புழுக்கத்தில் உள்ளங்கை சீக்கிரம் நனையும். துவாயால் துடைத்த பிறகே சாக் (கை வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைத் தூள்) பூசுங்கள்.

படி 2: தலைக்கு மேல் பிடித்துக் குந்துவது
முழங்கையைப் பூட்டி, பைப்பைப் பிடரிக்கு நேர் மேலே வைத்துக் குந்துங்கள். குதிகால் எழும்பினால் பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான் காரணம். குதி உயர்ந்த பளுதூக்கல் சப்பாத்து உதவும். அடியில் மூன்று விநாடி ஆடாமல் இருக்க வந்த பிறகுதான் அடுத்த படி.

படி 3: இடுப்பிலிருந்து
இங்கேதான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். பைப் இடுப்பு மடிப்பில், முழங்கால் சற்று மடிந்து, நெஞ்சு நிமிர்ந்து, கை நேராக. இப்போது தரையைக் காலால் பலமாகத் தள்ளுங்கள். கால் முழுதாக நீண்டு, தோள் உயர்ந்த பிறகுதான் முழங்கை மடியலாம். உடனே பாருக்குக் கீழே போய்விடுங்கள். பார் சட்டையை உரசிக்கொண்டே போக வேண்டும்.

இடுப்பை முன்னால் இடித்தால் பார் வளைந்து வெளியே ஓடும், நீங்களும் அதன் பின்னால் பாய்வீர்கள். கால்விரல் நுனியில் தரையில் சாக்கால் ஒரு கோடு போடுங்கள். இறங்கும்போது கால் கோட்டைத் தாண்டினால், பார் உங்களை விட்டு விலகிப் போயிருக்கிறது. பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மேலே பிடிக்கும்போது முழங்கை மடிந்து பிறகு நீண்டால், போட்டியில் அந்தத் தூக்கு செல்லாது. இப்போதே கவனியுங்கள்.

படி 4: முழங்காலுக்கு மேலிருந்து
தோள் பாருக்குச் சற்று முன்னால். முதுகின் பக்கத் தசையால் பாரைத் தொடையோடு ஒட்டிவையுங்கள். மற்றதெல்லாம் படி 3தான்.

படி 5: தரையிலிருந்து
பாரின் இரு முனையிலும் மாட்டும் பெரிய போட்டி பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சிறிய பிளேட் என்றால் அடியில் பலகை வைத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பும் தோளும் ஒன்றாக எழ வேண்டும். இடுப்பு முந்தினால் முதுகு சுமக்கும். முழங்கால் தாண்டும்வரை அவசரம் வேண்டாம்.

எடை சேர்ப்பதற்கு முன், பாரை விடவும் பழகுங்கள். முன்னால் விழுந்தால் கையால் தள்ளிவிட்டுப் பின்னால் பாயுங்கள், பின்னால் விழுந்தால் விட்டுவிட்டு முன்னால் பாயுங்கள். விழும் பாரை எட்டிப் பிடிக்க ஒருபோதும் முயலாதீர்கள்.