புழு முளையத்தின் முதற் கலப்பிரிவைப் பார்ப்பது எப்படி

உயர்தர உயிரியலில் இழையுருப்பிரிவை நாம் வெங்காய வேர்நுனியில்தான் பார்த்துப் பழகுகிறோம். அங்கே ஒரு கலம் தன்னையொத்த இரு கலங்களாகப் பிரிகிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழுவின் முதற் கலமோ, அளவிலும் எதிர்காலத்திலும் வேறுபட்ட இரு கலங்களாகப் பிரிகிறது. பார்க்க வருபவர்கள் பிளவு தோன்றும் கணத்துக்காகவே காத்திருப்பதுண்டு. எந்த முனை முன், எந்த முனை பின் என்ற தீர்மானம் அப்போது ஏற்கெனவே முடிந்திருக்கும். எனவே அதற்கு முந்திய கால்மணி நேரத்தைத் தவறவிடாமல் பார்ப்பதற்கே இங்கு வழி சொல்கிறேன்.

கொழும்பில் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. இப்புழுக்களை 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையில் வளர்ப்பது வழக்கம். அதற்கு மேல் முட்டைகள் விரைவாகக் குறையும். நமது அறை வெப்பமோ ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஓர் இரவு மின்தடையால் குளிரூட்டி நின்றுபோக, மறுநாள் முட்டை நிறைந்த ஒரு தாய்ப்புழுவேனும் கிடைக்காமல் நான் திரும்பியிருக்கிறேன். வளர்ப்புத் தட்டுகளை 20 பாகையில் வையுங்கள். நுணுக்குக்காட்டி இருக்கும் அறையையும் 22 பாகையளவில் வைத்து, பார்க்காத வேளையில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஏகார் தட்டில் ஓ.பி.50 என்ற பற்றீரியாவை உண்டு வளர்ந்த, வயிற்றில் முட்டைகள் வரிசையாகத் தெரியும் புழுவொன்றைத் தெரிந்தெடுங்கள். மெல்லிய மூடுகண்ணாடியில் விட்ட எம்9 என்னும் உப்புக் கரைசலின் ஒரு துளியில் அதை இட்டு, இரண்டு ஊசிகளைக் கத்தரிபோல் குறுக்காகப் பிடித்து உடலின் நடுப்பகுதியில் வெட்டினால் முட்டைகள் வெளியே வரும். இதற்கு முன்பே இரண்டு வீத அகரோசை உருக்கி, ஒட்டுநாடா ஒட்டிய இரு வழுக்கிகளுக்கு நடுவே வைத்த வழுக்கியில் ஒரு துளி விட்டு, மேலே இன்னொரு வழுக்கியைக் குறுக்காக அழுத்தி, சீரான தடிப்புள்ள மெத்தையொன்றைத் தயாரித்திருக்க வேண்டும். அம்மெத்தையின் மேல் மூடுகண்ணாடியைக் கவிழ்த்து, நீர் வற்றாதபடி ஓரங்களில் வசிலின் பூசுங்கள். விரலால் ஒருபோதும் அழுத்த வேண்டாம். நசுங்கிய முட்டையும் பிரியலாம், ஆனால் அதன் வடிவம் உங்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

முட்டை ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றர் நீளமும் 30 மைக்ரோமீற்றர் அகலமும் உடையது. சாயமிடாத கலத்தையும் மேடு பள்ளமாகத் தெளிவாகக் காட்டும் நொமார்ஸ்கி ஒளியியல் உள்ள நுணுக்குக்காட்டி சிறந்தது. அது இல்லாதபோது சாதாரண நுணுக்குக்காட்டியின் ஒளித்துளையைச் சற்றுச் சுருக்கி 40 மடங்கு பொருளருகு வில்லையால் பார்த்தாலும், மணிமணியான குழியவுருவின் நடுவே கருக்கள் தெளிந்த வட்டங்களாகத் தெரியும். அத்தகைய வட்டங்கள் இரண்டு, எதிரெதிர் முனைகளில் ஒவ்வொன்றாக நிற்கும் முட்டையே உங்களுக்குத் தேவை. ஒன்று தாயின் கரு, மற்றையது விந்தின் கரு. இரண்டும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட முட்டையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

இனிக் கண்ணை மேற்பரப்பில் வையுங்கள். முதலில் முட்டை முழுவதும் மேற்பரப்பு சுருக்கம் விழுந்து நெளிந்துகொண்டிருக்கும். அடியிலுள்ள அக்ரின், மயோசின் வலை எங்கும் சுருங்குவதால் வரும் நெளிவு அது. சற்று நேரத்தில் விந்தின் கரு நிற்கும் முனை அமைதியடைந்து வழுவழுப்பாகும். விந்து கொண்டுவந்த மையவுடல் (நுண்குழாய்கள் கிளம்பும் மையம்), அரோரா ஏ என்னும் நொதியத்தின் துணையோடு, தனக்கு அருகிலுள்ள சுருக்கத்தைத் தணிக்கிறது. ஒரு பக்கம் தளர்ந்ததும் வலை மறுபக்கம் நோக்கி இழுபடுகிறது. அதனோடு பார்-3, பார்-6, பி.கே.சி-3 ஆகிய புரதங்களும் முன்முனைக்குப் போய்ச் சேர, வெறுமையான பின்முனையில் பார்-2, பார்-1 ஆகியவை குடியேறுகின்றன. இவ்விரு கூட்டமும் ஒன்றையொன்று மேற்பரப்பிலிருந்து துரத்துவதால் எல்லை நிலைக்கிறது. ஒளிரும் அடையாளம் இடாமல் இப்புரதங்களைக் காண முடியாது. ஆயினும் அவற்றைச் சுமக்கும் ஓட்டத்தைக் காணலாம். மேற்பரப்பு முன்னே போக, நடுவிலுள்ள மஞ்சட்கரு மணிகள் பின்னே போகும். முதன்முறை அதைப் பார்த்தபோது நான் மூச்சுவிட மறந்தேன்.

விந்து நுழைந்த முனையே பின்முனையாகிறது என்பதை பொப் கோல்ட்ஸ்ரைனும் ஸ்டீவன் ஹேர்டும் 1996இல் காட்டினர். விந்து மறுமுனையில் நுழைந்த முட்டைகளில் முன்-பின் அச்சும் தலைகீழாகவே அமைந்தது.

அடுத்து முட்டையின் நடுவே ஒரு போலிப் பிளவு தோன்றி மறையும். அதைக் கலப்பிரிவென்று குறித்துவிடாதீர்கள். தாயின் கரு பின்னோக்கி நகர்ந்து விந்தின் கருவைச் சந்திக்கும். இரண்டும் சேர்ந்து நடுவுக்கு வந்து தொண்ணூறு பாகை திரும்பும். நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் நுண்குழாய்க் கட்டமைப்பான கதிர் நீளவாக்கில் அமையும். பின்னர் கதிர் பின்பக்கமாகச் சரியும். அதன் பின்முனை இருபுறமும் ஆடுவதைத் தெளிவாகப் பார்க்கலாம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுப்பதைப் போன்றது இது: இரு முனைகளையும் மேற்பரப்பிலுள்ள டைனீன் என்னும் இழுவைப் புரத மூலக்கூறுகள் இழுக்கின்றன, பின்பக்க அணிக்குப் பலம் அதிகம். 2001இல் ஸ்டீபன் கிரில்லும் சக ஆய்வாளர்களும் கதிரை நடுவில் லேசரால் வெட்டியபோது, இரு முனைகளும் விலகி ஓடின. பின்முனையே வேகமாக ஓடியது.

பிளவு நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி விழும். பெரிய முன்கலம் ஏ.பி., சிறிய பின்கலம் பி1. இரண்டின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். ஏ.பி. ஏறத்தாழ இரண்டு நிமிடம் முந்திப் பிரியும். அதன் கதிர் குறுக்கே நிற்க, பி1இன் கதிர் திரும்பி நீளவாக்கில் அமையும். நேரம், அளவு, திசை ஆகிய இம்மூன்றும் முனைவுத்தன்மை, அதாவது முன்-பின் வேறுபாடு, சரியாக அமைந்ததா என்பதை ஒளிரும் சாயமின்றியே காட்டிவிடும். கெனத் கெம்பியூசும் சக ஆய்வாளர்களும் 1988இல் விவரித்த, பார் மரபணுக்கள் பழுதான விகாரிகளில் இவையே குழம்பியிருந்தன. பார்-2 பழுதானால் இரு கதிர்களும் குறுக்கே நிற்கும். பார்-3 பழுதானால் இரண்டும் நீளவாக்கில் திரும்பும்.

நாற்கலக் கட்டத்தில், பி1 பிரிந்து உண்டான பி2, இ.எம்.எஸ். ஆகிய இரு கலங்களும் தொட்டுக்கொண்டிருப்பதை வரைந்து வையுங்கள். அந்தத் தொடுகை இல்லாவிடின் இ.எம்.எஸ். குடலைத் தராது.

ஆய்வுகூட வகை கிடைக்காதவர்கள் அழுகிய வாழைப்பழத் துண்டை ஏகார் தட்டில் வைத்தால் சுயாதீனமாக வாழும் வட்டப்புழுக்கள் பல வெளிவரக்கூடும். ஆனால் விந்தே அச்சைத் தீர்மானிக்கிறது என்ற விதியை அவை அனைத்துக்கும் பொருத்த வேண்டாம். விந்தின்றியே பெருகும் இனங்களும் வட்டப்புழுக்களில் உண்டு. அவற்றில் எந்த முனை முதலில் அமைதியடைகிறது என்பதை மட்டும், அரை நிமிடத்துக்கு ஒரு படமாக, நேரத்தோடு பதிவுசெய்யுங்கள்.