லேப்டாப்புக்கு மாற்று டிஸ்க்: வாங்கும் முன் கழற்றிப் பாருங்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். “அண்ணா, 500 ஜிபி டிஸ்க் ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வருபவர்களிடம், லேப்டாப்பைக் கொண்டு வந்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். எத்தனை ஜிபி என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். பழைய டிஸ்க் எந்த வகை, என்ன தடிமன் என்பது தெரிந்தால்தான் புதியது உள்ளே உட்காரும்.

லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றுங்கள். சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ இருக்கும். மூடி வரவில்லை என்று நெம்ப வேண்டாம். திறந்ததும் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். அப்புறம் டிஸ்க்கின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அளவு பெட்டி போல இருந்தால் அது 2.5 இன்ச் டிஸ்க். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த லேப்டாப் என்றால் பெரும்பாலும் சாட்டா கனெக்டர்தான்: ஓரத்தில் இரண்டு தட்டையான நாக்குகள், சிறியது டேட்டாவுக்கு, நீளமானது கரண்டுக்கு. இரண்டு வரிசை ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய ஐடிஇ; அதில் சாட்டா டிஸ்க் நேரடியாகச் சேராது. சாட்டாவிலேயே 1, 2, 3 என்று தலைமுறைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும், வேகம்தான் குறையும்.

தடிமன்தான் ஆளை ஏமாற்றும். பெரும்பாலும் 7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு வருகின்றன. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் கணக்கப்பிள்ளை, பறிப்புக் கூலிக் கணக்கெல்லாம் இருந்த லேப்டாப்புக்குத் தானே ஒரு டிஸ்க் வாங்கி வந்திருந்தார். கனெக்டர் சரி, ஜிபி சரி. ஆனால் 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. டிஸ்க். மூடியை அழுத்தி ஸ்க்ரூ போட்டதில் டச்பேட் மேலே புடைத்து நின்றது. மறுபக்கம் கவலையில்லை: 9.5 இடத்தில் 7 மி.மீ. தாராளமாக வைக்கலாம், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஃபிரேம் போதும். பழைய டிஸ்க்கோடு ஒட்டியிருக்கும் தகர பிராக்கெட்டையும் கனெக்டர் துண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதற்கு அவைதான் வேண்டும்.

சூயிங்கம் பட்டை போல மெல்லிய பலகை இருந்தால் அது எம்.2. இங்கே இன்னும் கவனம் வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242 என்றால் நீளம் 42 தான். ஸ்க்ரூ துளை எங்கே இருக்கிறது என்று பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள். அடுத்தது, பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் எம்.2-வில் சாட்டா வேறு, அதைவிட வேகமான என்விஎம்இ வேறு. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம்) அதைக் காட்டவே காட்டாது. பலகையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனால் வெட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டு, அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

மலைக்குக் கொண்டு போனால் ஹார்ட் டிஸ்க் தாங்குமா என்று ஏற்காட்டுக்காரர்கள் கேட்பார்கள். உள்ளே சுழலும் தட்டின் மேல் டேட்டாவைப் படிக்கும் தலை காற்று மெத்தையில் மிதப்பதால் உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அது பொதுவாக 3,000 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். டிஸ்க்கைக் கெடுப்பது அதிர்ச்சி. எஸ்டேட் ஜீப்பில் மடியில் வைத்து ஓடவிட்டால் சுழலும் டிஸ்க்குக்கு ஆபத்து. அவர்களுக்குச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிதான் வாங்கச் சொல்வேன். சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். பழைய லேப்டாப்பே புதிது போல ஆகிவிடும்.

சரி, இப்போது ஜிபி. பழையதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ, அதற்கு இரண்டு மடங்கு வாங்குங்கள். 2 டிபிக்கு மேல் போவதாக இருந்தால் பயாஸ் புதிய யுஇஎஃப்ஐ வகையா என்று பார்க்க வேண்டும். பழைய முறையில் 2 டிபிக்கு மேலே உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடினால் ரெக்கவரி கீயை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். குளோன் செய்து (பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுத்து), புதிய டிஸ்க்கில் விண்டோஸ் திறந்து, உங்கள் கணக்கு ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகும், பழையதை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.