ஜெட் ஸ்கியில் ஆயில் பார்ப்பது: டிப்ஸ்டிக்கை எப்போது நம்பலாம்

பைக்குக்குப் பார்ப்பதுபோல, காலையில் சீட்டைத் தூக்கியதும் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் குச்சியை) உருவிப் பார்த்துவிட்டு ஆயில் ஊற்றுவதுதான் தண்ணீரில் ஓட்டும் பைக்கான ஜெட் ஸ்கியில் அடிக்கடி நடக்கும் தப்பு. சீ-டூ பிராண்ட் ஜெட் ஸ்கிகளில் வரும் ரோடாக்ஸ் 1503 ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது டிரை சம்ப் வகை. எஞ்சின் ஓடும்போது, கீழே வடியும் ஆயிலை பம்ப் உறிஞ்சித் தனி அறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டிப்ஸ்டிக் காட்டுவது அந்த அறையின் மட்டத்தைத்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்த ஆயில் மெல்ல எஞ்சின் அடியில் உள்ள கிராங்க் கேஸுக்கு இறங்கிவிடும். குச்சியில் குறைவாகத் தெரியும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றினால் எஞ்சின் ஓடியதும் குச்சியின் மேல் கோடான மேக்ஸைத் தாண்டி நிற்கும்.

ஆகவே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். தண்ணீரில் வைத்துப் பார்ப்பது சுலபம். அடியில் குறைந்தது 90 செ.மீ. ஆழம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜெட் பம்ப் மணலை உறிஞ்சும். டிரெய்லரில் என்றால் வண்டி முன்னும் பின்னும் சமமாக நிற்கும்வரை டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தி முட்டுக்கொடுங்கள். பிறகு ஃப்ளஷ் கனெக்டரில் (வெளியிலிருந்து தண்ணீர் விடும் இணைப்பில்) ஹோஸைச் செருகுங்கள்.

இங்கே வரிசை மாறக்கூடாது. முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடி, உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் தண்ணீர் மட்டும் பாய்ந்தால் அது எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறும். ஹோஸில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டவும் வேண்டாம். ஜெட் பம்பைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் சீலைக் குளிர்விக்க வெளியே தண்ணீர் கிடையாது.

சீட்டைத் திறந்ததும் சற்று காற்றாட விடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சூடான எஞ்சினை 30 விநாடி ஐடிலில் விட்டு அணையுங்கள். இன்னொரு 30 விநாடி பொறுத்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுசாக உள்ளே அழுத்தி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும். மேக்ஸைத் தொட்டே ஆக வேண்டும் என்ற ஆசை வேண்டாம். வேறு கம்பெனி வண்டிகளில் காத்திருக்கும் நேரம் மாறும், அந்த மேனுவலைப் பாருங்கள்.

குறைந்திருந்தால் எஞ்சின் மேல்மூடியில் உள்ள ஃபில்லர் வழியாக 100 மில்லி மட்டும் ஊற்றுங்கள். மறுபடி 30 விநாடி ஓட்டி, அணைத்து, பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு 100. சலிப்பான வேலைதான், ஆனால் ஊற்றியதை வெளியே எடுப்பது அதைவிடச் சிரமம்: டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஹேண்ட் பம்பால் உறிஞ்சித்தான் எடுக்க முடியும். எடுக்காமல் ஓட்டினால் மிகுந்த ஆயில் பிரீதர் (காற்றுப்போக்கி) வழியாக ஏர் இன்டேக்குக்குப் போய் புகை கக்கும். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் உள்ள வண்டியில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்வரை ஆயில் படியும்.

சூப்பர்சார்ஜர் வண்டி என்றால் ஆயில் தேர்விலும் கவனம் வேண்டும். அதன் கிளட்ச் எஞ்சின் ஆயிலில்தான் நனைகிறது. ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைக் குறைக்கும் பொருள்) கலந்த கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கி பூஸ்ட் (காற்றழுத்தம்) குறையும். மேனுவல் சொல்லும் கிரேடையே வாங்குங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதையே வேறு. அதில் ஆயில் எரிந்து தீரும், தனி டேங்கில் ஊற்ற வேண்டும், அந்த ஆயில் இதற்கு ஆகாது.

குச்சியில் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோடு மட்டமும் ஏறியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றிவிட்டு இன்ஜெக்டரைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது கூலன்ட் டேங்கைப் பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம். கூலன்ட் குறையவில்லை என்றால் வந்தது வெளித் தண்ணீர்: வண்டி கவிழ்ந்திருக்கும், அல்லது ஹோஸ் வரிசை தப்பியிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கடல் தண்ணீராக இருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.