எடை குறைந்த ரைபிளின் பின்னுதைப்பைத் தாங்கிச் சுடுவது எப்படி?

குளச்சல் கடற்கரையில் சிறிய வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவுகிறவரைக் கவனித்தால், அவர் முன்னே பாயும் நொடியிலேயே வள்ளம் பின்னால் விலகுவதைக் காணலாம். பெரிய விசைப்படகிலிருந்து அவரே தாவினால் படகு அசைந்ததாகவே தெரியாது. ரைபிளின் பின்னுதைப்பும் இந்தக் கணக்குதான். 9.5 கிராம் எடையுள்ள 7.62 மி.மீ. குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, 4 கிலோ ரைபிள் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கிறது. அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள ரைபிளில் சுட்டால் அந்த வேகமும், தோளில் வந்து விழும் ஆற்றலும் இரட்டிப்பாகும்.

ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது பிடிதான். வலக்கையால் சுடுபவர் ரைபிளின் பின்கட்டையை (‘பட்’), காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உட்புறமுள்ள சதைக்குழியில் இடைவெளியின்றி அழுத்தி வைக்க வேண்டும். பின்கட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் இருந்தாலும் தள்ளலாக வர வேண்டியது குத்தாக வரும். கனமான ரைபிளில் இடக்கையைத் தளர்வாக வைத்தாலும் பாதகமில்லை, ஆனால் எடை குறைந்ததில் முன்கட்டையையும் இறுகப் பற்றிப் பின்னோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். கன்னம் கட்டையில் படிந்திருக்கட்டும். தொலைநோக்கி பொருத்தியிருந்தால் கண்ணுக்கும் அதற்கும் 9 அல்லது 10 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையெனில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

நின்றபடி, இடக்காலைச் சற்று முன்வைத்து, இடுப்பிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து சுடும்போது உடல் முழுவதும் பின்னசைந்து அடியை வாங்கிக்கொள்கிறது. குப்புறப் படுத்துச் சுடுகையில் உடலுக்கு விலக இடமில்லாததால், பழகும் நாட்களில் அந்த நிலையைத் தவிர்ப்பதே நல்லது. மேசையில் வைத்துச் சுடுவதாயின் தாங்கியை உயர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, பின்கட்டைக்கும் தோளுக்கும் இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

தோள்வலியைவிட எனக்குக் கவலை தருவது, வெடிக்கும் முன்பே உடல் பதறிச் சுருங்கும் பழக்கம். அதைக் கண்டறிய, பயிற்சியாளர் உங்களுக்குத் தெரியாமல் சில முறை போலித் தோட்டாவை ஏற்றித் தரட்டும்: விசை ‘டிக்’ என்று மட்டும் விழ, குழல்முனை இரண்டு விரற்கடை கீழே குத்தினால் குறை அங்கேயே வெளிப்பட்டுவிடும். இப்பதற்றத்தில் பாதி ஓசையால் வருவது என்பதால் காதடைப்பானையும் அதன்மேல் காதுறையையும் சேர்த்தே அணியுங்கள்; குழல்முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் பிரேக் பூட்டியிருந்தால் ஓசை இன்னும் கூடுமென்பதால் இது கட்டாயம். பதற்றம் தெரிந்துவிட்டால் பின்னுதைப்பு மிகக் குறைந்த சிறிய .22 ரைபிளுக்குத் திரும்பிச் சில வாரம் பழகிவிட்டு வருவதில் வெட்கமேதும் இல்லை. பெரிய ரைபிளில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தோட்டாக்கள் போதும்.

இவையெல்லாம் உரிமம் பெற்றோர், அனுமதிக்கப்பட்ட சுடுதளத்தில் செய்ய வேண்டியவை. நம் மலையோரத் தோட்டங்களில் பன்றித் தொல்லை எவ்வளவு இருந்தாலும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தோட்டக்காரர் தாமாகவே அவற்றைச் சுட இடமில்லை.