மண்டபத்துக்கு மீன் பார்க்கப் போகிறீர்களா? ஊரில் தேதியைச் சொல்லாதீர்கள்

ஆஸ்திரேலியாவிலிருந்து பிள்ளைகளோடு இராமநாதபுரம் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள், ஒரு நாளை ஒதுக்கி மண்டபம் மீன் காட்சியகத்துக்கும் போய்வரலாம் என்று நினைத்தால், முதலில் இதைக் கேளுங்கள். எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதை முந்தின நாள் இரவு வரை சொந்தக்காரர் எவரிடமும் சொல்லாதீர்கள். வேன் டிரைவரிடம்கூட வேண்டாம். அவரும் யாருக்காவது மச்சானாக இருப்பார்.

மண்டபம் எதற்கு, சென்னையிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யின் மரைன் கிங்டம் 2019இல் திறந்தது. தலைக்கு மேல் மீன் நீந்தும் கண்ணாடிச் சுரங்கம், படம் எடுக்க இடம், எல்லாம் உண்டு. ஆனால் மெல்போர்னிலும் சிட்னியிலும் அதையே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது இத்தனை தூரம் பறந்து வந்து பார்க்கும் காட்சியல்ல. (இந்தியாவின் முதல் மீன் காட்சியகமே 1909இல் நம் மெரினாவில் திறந்ததுதான் என்று வேண்டுமானால் அவர்களிடம் பெருமை பேசலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள்.)

மண்டபத்தில் இருப்பது சிறியது, ஆடம்பரம் இல்லாதது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்துக்குள் இருக்கிறது. 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. 1971இல் கொச்சிக்குப் போகும் வரை தலைமையகம் மண்டபத்தில்தான். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைப்பதும், 2010இல் கடல்விராலை நாட்டிலேயே முதன்முதலாக இனப்பெருக்கம் செய்ய வைத்ததும் இங்கேதான். அதனால் பிள்ளைகள் பார்ப்பது எங்கிருந்தோ விமானத்தில் வந்த மீன்களை அல்ல. வாசலைத் தாண்டினால் கடல், அந்தக் கடலில் இருப்பவற்றில் சில தொட்டியில். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் தூத்துக்குடியிலிருந்து இந்தக் கரை வரைதான் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அரசு வளாகம், எனவே விடுமுறையும் மூடும் நேரமும் அரசாங்கத்துடையவை. அன்று காலையில் போன் போட்டுக் கேட்டுவிட்டே வண்டி எடுங்கள்.

பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில் என்றால் தென்மேற்குக் காற்று. ஊரில் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் அப்போது கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். படகு ஆசை இருந்தால் அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் போங்கள். வாடைக் காலத்தில் இது அப்படியே மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் குழம்பு விலை ஏறியிருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கப் போலீஸ் விடாது. 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தில் ரயிலிலேயே போய்விடுவது மேல்.

இனி எங்கள் கதை.

மீன் பார்க்கக் கிளம்பும் நாளை என் மகன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். அந்த வட்டம் வீடியோ காலில் சித்தப்பா கண்ணில் பட்டிருக்கிறது. காலையில் வேன் வாசலுக்கு வந்தபோது வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். "போற வழிதானே தாயி. ஒரே ஒரு கையெழுத்து. பத்து நிமிச சோலி."

தாத்தா நிலம். பாதி சீமைக்கருவேலம், மீதியில் அண்ணன் மிளகாய் போடுகிறார். அப்பா போன பிறகு என் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எல்லாரும் பேசி வைத்தது, என்னைத் தவிர. தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் திருத்தி மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு கொடுத்தாகிவிட்டது. அதன் முதல் பயன், விடுதலைப் பத்திரத்தில் எங்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருப்பது. கொடுக்கக் கூடாது என்றில்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் மூத்திரச் சட்டி எடுத்தவர் அண்ணன், மாதாமாதம் பணம் அனுப்பியவள் நான். இந்தக் கணக்கில் யாருக்கு யார் பாக்கி என்று எனக்குத் தெரியும். ஆனால் மீன் பார்க்கப் போகிற நாளிலா?

பதிவு அலுவலகத்தில் டோக்கன் பத்தரைக்கு. பத்திர எழுத்தர் என் பாஸ்போர்ட்டை விரித்து, மூடி, மறுபடி விரித்தார். வாரிசுச் சான்றில் நான் மு. இனிஷியலோடு அப்பாவின் மகள். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை வால்போலச் சேர்த்துக்கொண்ட வேறு யாரோ. "இவுங்களும் அவுங்களும் ஒருத்தர்தான்னு எப்படிச் சொல்றது?" முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியைத் தேடி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழி எழுதி வந்தோம். நோட்டரி சாப்பிடப் போயிருந்தார். வந்தபோது சர்வர் போயிருந்தது. சர்வர் வந்தபோது சாட்சிக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர் ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. அவர் வீடு மூன்று ஊர் தள்ளி. நான் பிறந்த ஊருக்குப் பக்கத்தில், என்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா அருகில் நிற்கும்போது, நான் நான்தான் என்பதற்குத் தாள் போதவில்லை.

பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வேனுக்குள். டீசல் தீரும் என்று டிரைவர் ஏசியை அணைத்துவிட்டார். மகள் இறங்கி வந்து, "அம்மா, நாம இன்னைக்கு மீன் பாக்கப் போறோமா, இல்லையா?" என்று கேட்டாள். சித்தப்பா அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். கேமரா முன் உட்கார்ந்து கைரேகை வைத்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. மண்டபம் கேட் பூட்டியிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதில் உங்களுக்கு எடுத்துக்கொள்ள இருப்பவை: நேரில் நிற்காமல் இருக்க வேண்டுமானால், கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதி, நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பிவிடுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், சொந்தக்காரர்கள் பீரோவில் வைத்து மறந்துவிடுவார்கள், நினைவூட்டுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருப்பவர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். "நீ வெளிநாட்டுக்காரி, உனக்குப் பங்கே கிடையாது" என்று யாராவது டீக்கடைச் சட்டம் பேசினால் நம்ப வேண்டாம். பான் கார்டும், பழைய பள்ளிச் சான்றின் நகலும், பெயர் உறுதிமொழியும் பெட்டியில் இருக்கட்டும். நேரில்தான் போக வேண்டுமென்றால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கடைசியில் விமானம் பிடிக்கும் நாளுக்கு முன்தினம் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டோம், அரக்கப்பரக்க. மகன் கடல் விலாங்கின் முன்னால் நின்றவன் நகரவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, வாசல் பெஞ்சோடு சரி. வயதானவர்களைக் கூட்டிப் போனால் மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் போடுங்கள். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால் மண்டபம் முகாம் பற்றியும் சொல்லுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைக் கப்பலேற்றும் முன் அடைத்து வைத்திருந்த இடம் அது. பின்னால் அதே கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த அகதிகளுக்கும் அதுவே முகாமானது. ஊரை விட்டுப் போவதில் எத்தனை வகை உண்டு என்று நான் விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். எங்களுடையது பிசினஸ் விசாவில் போனது.

இராமேசுவரத்துக் கடைகளில் சங்கும் பவளமும் பார்க்க அழகாக இருக்கும். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் எல்லாம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. கடைக்காரர் பில் போட்டுத் தந்தாலும் விமான நிலையத்தில் மாட்டப் போவது நீங்கள். பிளாஸ்டிக் ஆமை ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கருவாடு, மிளகாய் எதுவானாலும் மெல்போர்னில் இறங்கும்போது பயணி அட்டையில் ஆம் என்று டிக் செய்யுங்கள், மறைத்தால் அபராதம். எங்கள் பெட்டியில் அண்ணன் கேட்காமலே இரண்டு கிலோ முண்டு மிளகாய் கட்டி வைத்திருந்தார், அந்த நிலத்தில் விளைந்தது. அதிகாரி பிரித்துப் பார்த்துத் தும்மிவிட்டு, சொந்தத் தோட்டமா என்று கேட்டார். அண்ணனுடையது என்றேன்.