நர்சிங் பள்ளி வரலாறு எழுதச் சொல்லி உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?

ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளிக்கு வைரவிழா, மலர் போடுகிறார்கள், "வரலாறு மட்டும் நீங்க எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சரி. முதல்வர்கள் பட்டியலில் ஆரம்பிக்காதீர்கள், அதைக் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். பழைய டியூட்டி லிஸ்ட் எங்காவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அந்தக் காலத்தில் வார்டை ஓட்டியதில் பெரும்பங்கு மாணவிகளுடையது. அந்த லிஸ்டில் நைட் டியூட்டிக்கு ஒரு வார்டுக்கு எத்தனை மாணவிகள், எத்தனை ஸ்டாஃப் நர்ஸ், அந்த மாணவிகள் எத்தனையாவது வருஷம் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே படிப்பு எவ்வளவு, வேலை எவ்வளவு என்பது பாடத்திட்டத்தைவிட அதில்தான் நன்றாகத் தெரியும்.

அப்புறம் தேதி. இதில்தான் சண்டையே வரும். "பள்ளி எப்போது தொடங்கியது" என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள், பல நேரம் எல்லாருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யையே (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பாருங்கள். அதை நிறுவிய அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார், 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை வந்தது, நர்ஸ் பயிற்சி 1909-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல்தான் வந்தது, அதாவது அங்கே டாக்டர் படிப்பைவிட நர்ஸ் படிப்புதான் மூத்தது (இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு). நர்சிங் பட்டப்படிப்பு 1946-ல். இதற்கு நடுவில் 1926-ல் நர்ஸ்களையும் மிட்வைஃப்களையும் பதிவு செய்ய மதராஸ் மாகாணச் சட்டம் வந்தது, 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். ஆகவே உங்கள் நோட்டில் பயிற்சி தொடங்கிய வருஷம், அங்கீகாரம் கிடைத்த வருஷம், பட்டப்படிப்பு வந்த வருஷம் என்று தனித்தனியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் பழைய அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், மிஷன் மருத்துவமனை என்றால் அந்த மிஷனின் ஆண்டறிக்கைகள்.

ரிட்டயர் ஆன சிஸ்டர்களைப் பார்க்கப் போகும்போது "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ரொம்ப டிசிப்ளின்" என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், நான் அப்படி மூன்று வீட்டில் காபி குடித்திருக்கிறேன். நாலாவது வீட்டில் தற்செயலாக "கண்ணாடி சிரிஞ்சை எப்படிம்மா சுத்தம் பண்ணுவீங்க?" என்று கேட்டேன், அந்த அம்மாவுக்கு எண்பது வயசுக்கு மேல், கை தானாக எழுந்துவிட்டது. பிஸ்டனைத் தனியாகக் கழற்றி, காஸ் துணியில் சுற்றி, தண்ணீரில் கொதிக்கவைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, பிறகு பஞ்சில் இழுத்துப் பார்ப்பது. நார் மாட்டினால் முனையில் பிசிறு இருக்கிறது, மறுபடி தீட்டு. அதிலிருந்து பேச்சு ஸ்டைபண்டுக்கு (பயிற்சிக் கால உதவித்தொகை) போனது, ஹாஸ்டல் கேட்டுக்குப் போனது, கல்யாணம் ஆனதும் படிப்பை விட்ட தோழிக்குப் போனது. ஒன்றரை மணி நேரம்.

போட்டோக்களில் தொப்பியையும் பேட்ஜையும் கவனியுங்கள், வருஷம் எழுதாத படத்துக்கு அவைதான் துப்பு. அவர்கள் வீட்டு ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே போனில் எடுத்துக்கொள்ளுங்கள். யார் யார் என்று அவர்களையே விரல் வைத்துச் சொல்லச் சொல்லி அதையும் ரெக்கார்டு செய்துவிடுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத அவர்கள் சம்மதித்தால் பென்சிலால் மட்டும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.