பல்லேகலைப் பதிவில் வளைந்து வந்த அலையைத் தேடுவது எப்படி?

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில், உலக நிலநடுக்க வலையமைப்பின் நிலையம் ஒன்று இருக்கிறது. குறியீடு பி.ஏ.எல்.கே. அதன் பதிவுகளை யாரும் இலவசமாக எடுக்கலாம். கணினியில் பைத்தன் நிரல்மொழியும், நிலநடுக்கப் பதிவுகளைக் கையாளும் ஒப்ஸ்பை தொகுப்பும் இருந்தால் போதும்.

முதல் படி, நிலநடுக்கத்தைத் தெரிவு செய்வது. 2019 ஜூலை 6, கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட், அளவு 7.1. நமக்கு அப்போது காலை 8.49 தாண்டியிருந்தது. அங்கிருந்து பல்லேகலைக்குச் சுமார் 134 பாகை, அதாவது பூமியின் மையத்தில் இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள கோணம்.

இந்தத் தூரத்தில்தான் விசயமே இருக்கிறது. ஏறக்குறைய 104 முதல் 140 பாகை வரை நேரடி பி அலை (முதலில் வந்து சேரும் அழுத்த அலை) வராது; 2,890 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் அகணி, அதாவது பூமியின் நடுக்கரு, மறைத்துவிடும். ஆனாலும் அலை அகணியின் விளிம்பை ஒட்டி வளைந்து, மெலிந்து வந்து சேரும். இதுதான் அலைக் கோணல்.

அடுத்து, ஒப்ஸ்பையின் பயண நேரக் கணிப்பானிடம் நேரம் கேளுங்கள். வளைந்த அலை சுமார் 16 நிமிடத்தில் வரும், அகணிக்குள் புகுந்தது 19 நிமிடம் கடந்து வரும். அகன்ற பட்டைக் கருவியின் நிலைக்குத்துப் பதிவை எடுத்து இரண்டு நேரங்களையும் குறித்துவிடுங்கள்.

அப்புறம் வடிகட்டல். ஒரே பதிவை, ஓர் அலைவுக்கு ஆகும் நேரப்படி, 1 செக்கன் அளவிலும், 10 முதல் 50 செக்கன் வரையிலும் வடித்து மேலும் கீழுமாக வரையுங்கள். அடுத்த டிவிஷன் கோயில் திருவிழாவில் அடிக்கும் தப்பு, மலைக்கு இந்தப் பக்கம் 'தும் தும்' என்று மட்டும் கேட்கும், சலங்கை கேட்காது அல்லவா? அதே கதைதான். நீண்ட அலையே நன்றாக வளையும், ஆகவே 16ஆவது நிமிடத்தை இரண்டாவது கோட்டில் தேடுங்கள். இரைச்சல் கூடிய பதிவில் அதுவும் தெரியாமல் போகலாம்.

சரி, நிலநடுக்க அலைகளை வைத்துப் பூமியின் உள்ளே வரையும் உட்படத்துக்கு இதனால் என்ன? பழைய முறை அலையை மெல்லிய கோடாக எண்ணும். உண்மையில் மென்மூடியின் (அகணிக்கு மேலுள்ள தடித்த பாறைப் படை) அடியில் 1 செக்கன் அலையின் நீளம் 13 கிலோமீட்டர் அளவு. 10,000 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அது உணரும் அகலம், அலை நீளத்தையும் பாதை நீளத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், 360 கிலோமீட்டர். 20 செக்கன் அலைக்கு 1,600! நடுவே 100 கிலோமீட்டர் அகலமுள்ள சூடான தூண் இருந்தால், இரு பக்கமும் வளைந்த அலை பின்னால் கூடித் தாமதத்தை அழித்துவிடும். படத்தில் தூண் மங்கும். அதனால்தான் இன்று அலையின் அகலத்தையும் சேர்த்துக் கணிக்கிறார்கள்.

ஒப்பிட ஜப்பான் நிலநடுக்கம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 60 பாகை அளவுதான். நேரடி அலை கூர்மையாக வந்து நிற்கும்.